தலையணைக்கு அடியில் உள்ள ட்யூப்



காளான் வியாதிகளைப் பற்றி ஜனங்களுக்குப் புரியும்படி எழுத வேண்டும், ஆனால் மருத்துவர் பாஷையில் வேண்டாம் என்று நமது ஆசிரியர் குழு இந்த முறை என்னைக் கேட்டுக்கொண்டது. நான் மருத்துவனல்ல. ஆயினும் வார்டில் கட்டில் கட்டிலாக நின்று பேசுகிறவனுக்கு, மருத்துவரிடம் சொல்லாத பல காரியங்கள் காதில் விழும். "இதற்கு முன் என்ன போட்டீர்கள்?" என்று மருத்துவர் கேட்பார். "ஒன்றும் போடவில்லை" என்று பதில் வரும். அவர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் தலையணைக்கு அடியிலிருந்து பாதி பிதுக்கிய ஆயின்மெண்ட் ட்யூப் ஒன்று வெளியே வரும். "ஐயா, இதைப் போட்டால் உடனே கேட்கிறது. விட்டால் திரும்ப வந்துவிடுகிறது. ஏன் ஐயா?" என்பார்கள். இந்தக் கேள்விக்கு நமது தோல் மருத்துவரிடமும் கண் மருத்துவரிடமும் உட்கார்ந்து நான் கேட்டறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

காளான் இல்லாத இடம் உலகில் இல்லை. மழை பெய்த மறுநாள் வேலியோரம் குடை விரிப்பதும், ஊறுகாய் ஜாடியில் வெண்மையாகப் படர்வதும், ரொட்டியை உப்பச் செய்யும் ஈஸ்டும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. பூஞ்சை என்றும் பூசணம் என்றும் ஊருக்கு ஒரு பெயர். இவற்றின் வித்துகள் கண்ணுக்குத் தெரியாத தூளாகக் காற்றில் மிதக்கின்றன. நாம் இழுக்கும் மூச்சிலும் அவை உண்டு. இருந்தும் நாம் சுகமாக நடமாடுகிறோம் என்றால், சரீரத்திற்கு இரண்டு காவல்கள் இருப்பதே காரணம். ஒன்று நமது சரீரச் சூடு. 37 டிகிரி வெப்பத்தில் பெரும்பாலான காளான்களால் வளர முடியாது. மற்றொன்று இரத்தத்தின் வெள்ளை அணுக்கள். வழி தப்பி உள்ளே வந்த வித்தை அவை சூழ்ந்து அழித்துவிடும். ஆகவே தோலைத் தின்னும் காளான்கள் இந்த இரண்டும் எட்டாத இடமாகத் தேடிக் குடியேறுகின்றன. மேல்தோலின் வெளிப்படலம், முடி, நகம் ஆகியவை உயிரற்ற பாகங்கள். அங்கே சூடும் குறைவு, இரத்த ஓட்டமும் இல்லை. வியர்வை ஈரமும் சேர்ந்துவிட்டால் அதற்கு வேறென்ன வேண்டும்?

படர்தாமரை இப்படி வருவதுதான். நடுவில் ஆறிக்கொண்டே ஓரத்தில் பரவுவதால் அது வட்டமாகிறது. அந்த ஓரம் சிவந்து, தடித்து, பொருக்கு உதிர்த்து, தூங்கவிடாமல் அரிக்கும். இங்கே ஒரு நுட்பமான காரியத்தைக் கவனிக்க வேண்டும். சிவப்பும் வீக்கமும் அரிப்பும், காளானை வெளியேற்ற நமது சரீரம் நடத்தும் போராட்டத்தின் அடையாளங்கள். மருந்துக் கடையில் கொடுக்கும் ட்யூப் பெரும்பாலும் இந்தப் போராட்டத்தைத்தான் நிறுத்துகிறது. காளான் அப்படியே இருக்கிறது.

அந்த ட்யூபில் இருப்பது ஸ்டீராய்டு. அந்த மருந்தை நான் குறை சொல்ல வரவில்லை. 1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் பிலிப் ஹென்ச் என்னும் மருத்துவர், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை முதன்முதலாகக் கொடுத்தார். சில நாட்களில் அந்த அம்மாள் எழுந்து நடந்தாள். 1950-இல் அவருக்கும் எட்வர்ட் கெண்டல், டாடியஸ் ரைக்ஸ்டைன் ஆகிய இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. தொழுநோயில் நரம்புகள் திடீரென்று வீங்கிக் கையும் காலும் விளங்காமல் போகிற வேளையில், அவற்றைக் காப்பாற்றுவது ஸ்டீராய்டு மாத்திரையே. ஆஸ்துமாக்காரருக்கு மூச்சைத் திருப்பித் தருவதும் அதுவே. சரீரம் தேவைக்கு மேல் கொதிக்கும்போது அதை அடக்குவது ஸ்டீராய்டின் வேலை.

ஆனால் திருடன் உள்ளே இருக்கையில் என்ன நடக்கும்? இராத்திரியில் நாய் குரைக்கிறது. வீட்டுக்காரர் எழுந்து வந்து நாயின் வாயைக் கட்டிவிட்டுப் படுத்துக்கொள்கிறார். வீடு அமைதியாகிவிட்டது, அவரும் நிம்மதியாகத் தூங்குகிறார். படர்தாமரைக்கு ஸ்டீராய்டுக் களிம்பு பூசுவது இதைப் போன்றது. இரண்டே நாளில் அரிப்பு நிற்கும், சிவப்பு மறையும். "நல்ல மருந்து" என்று பக்கத்து வீட்டிற்கும் சொல்லி அனுப்புவார்கள். காவல் இல்லாத தோலில் காளான் வேகமாகப் பரவும். களிம்பை நிறுத்தினால் அரிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். மறுபடியும் அதே ட்யூப். மாதங்கள் கடந்தபின் தொடையிலும் அக்குளிலும் தோல் மெலிந்து, பிரசவத் தழும்பு போன்ற வரிகள் விழுகின்றன. காளானைக் குணப்படுத்திவிடலாம். அந்த வரிகள் போவதில்லை.

இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஸ்டீராய்டு பட்ட படர்தாமரை தன் வட்ட உருவத்தை இழந்துவிடும். கரப்பான் போலவும் சொரியாசிஸ் போலவும் தோற்றமளித்து, பழகிய மருத்துவரின் கண்ணையும் ஏமாற்றும். 1968-இலேயே இங்கிலாந்தின் மருத்துவ ஏட்டில் இதை விவரித்து, மாறுவேடம் பூண்ட படர்தாமரை என்ற பொருளில் "டைனியா இன்காக்னிடோ" என்று பெயரிட்டார்கள். அன்றைக்கு அபூர்வமாகப் பார்த்ததை இன்று நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் தினந்தோறும் பார்க்கிறார்கள். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தியாவெங்கும் படர்தாமரை பெருகி, மருந்துக்குக் கட்டுப்படாமல் முரண்டு பிடிக்கிறது. பல ஆண்டுகளாக நம்பியிருந்த டெர்பினஃபின் மாத்திரைக்கும் அசையாத ஒரு காளானுக்கு 2020-இல் "ட்ரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே" என்று பெயர் சூட்டினார்கள். நம் தேசத்தின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தீர்களா? 2023-இல் அமெரிக்காவின் நியூயார்க்கிலும் அது கண்டறியப்பட்டது. கண்டபடி களிம்பு பூசியதே இதற்கெல்லாம் ஒரே காரணம் என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆயினும் பெரிய காரணங்களில் அதுவும் ஒன்று என்பதில் தோல் மருத்துவர்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை.

2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று உத்தரவிட்டது. உத்தரவு இருக்கிறது; ட்யூபும் கிடைக்கிறது. கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தொடை இடுக்கில் அரிப்பு என்று ஓர் இளம்பெண் யாரிடம் போய்ச் சொல்லுவாள்? தாயிடம் சொல்லவே வெட்கம். ஆண் மருத்துவர் என்றால் வாசலோடு திரும்பிவிடுவாள். கடையில் "அரிப்புக்கு ஒரு ஆயின்மெண்ட்" என்று கேட்டால் எந்த இடத்தில் என்று கேள்வியில்லை, பேச்சில்லை. வெட்கத்திற்கு அந்த வழி வசதியாக இருக்கிறது. மருத்துவமனை ஊழியத்தில் இருக்கும் நாங்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும் என்பது என் எண்ணம். திரை கட்டிய ஓர் அறையும், பொறுமையாகக் கேட்கும் ஒரு பெண் மருத்துவரும் இருந்தால், கடைக்குப் போகிற பாதிப் பேர் இங்கே வருவார்கள்.

ட்யூபின் மேல் உள்ள பெயர்களும் ஜனங்களைக் குழப்புகின்றன. க்ளோட்ரிமசோல் என்பது காளானைக் கொல்லும் மருந்து. க்ளோபெட்டசால் என்பது மிகக் கடுமையான ஸ்டீராய்டு. இரண்டையும் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். படித்தவர்களுக்கே நாக்குத் தடுமாறும். இரண்டையும் ஒரே ட்யூபில் கலந்து, கூடவே ஒரு ஆண்டிபயாட்டிக்கையும் சேர்த்து விற்பதும் உண்டு. பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், டெக்சாமெத்தசோன் என்று "சோன்" என முடிகிற பெயரைக் கண்டால் அது ஸ்டீராய்டாக இருக்கலாம் என்று நின்று விசாரியுங்கள். க்ளோபெட்டசாலுக்கு அந்த முடிவு இல்லாததால் அதைத் தனியாக நினைவில் வைக்க வேண்டும்.

முறையான சிகிச்சை நாள் பிடிக்கும். வட்டம் மறைந்த பிறகும் மருத்துவர் சொன்ன நாள்வரை மருந்தை விடக்கூடாது. வீட்டில் நாலு பேர் ஒரே துண்டில் துடைத்துக்கொண்டு ஒரே பாயில் படுத்தால், ஒருவருக்கு மட்டும் வைத்தியம் செய்து பயனில்லை. அரிப்பு உள்ள எல்லாரும் ஒரே சமயத்தில் மருந்து எடுக்க வேண்டும். உடைகளை வெந்நீரில் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி, நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். நம் ஊரில் அரைஞாண் கயிறு ஒன்று உண்டே, அதையும் மறக்கக்கூடாது. வருஷக்கணக்காக வியர்வையில் ஊறிய கயிற்றில் காளான் சுகமாகக் குடியிருக்கும். இடுப்பைச் சுற்றி வந்த படர்தாமரை ஆறாமலிருந்தால் தோல் மருத்துவர் முதலில் அந்தக் கயிற்றைத்தான் பார்ப்பார். அதை அறுக்கச் சொன்னால் சில பெரியவர்களுக்குக் கோபம் வருகிறது. புதிதாக மாற்றிக் கட்டவாவது சம்மதிக்க வைக்கிறோம்.

காளானா இல்லையா என்று அறிய விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. பொருக்கைக் கண்ணாடித் துண்டின் மேல் சற்றுச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டால், தோல் செல்கள் கரைந்துபோகும். காளானின் இழைகள் மட்டும் கரையாமல் நிற்கும். கொஞ்ச நேரத்தில் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடலாம். நமது லேப் தம்பி எனக்கு அதைக் காட்டினார். கண்ணாடி நார்போலக் கிளைவிட்டு ஓடுகிறது. எனக்கு உடனே லேவியராகமம் 13, 14-ஆம் அதிகாரங்கள் நினைவுக்கு வந்தன. வஸ்திரத்திலும் வீட்டுச் சுவரிலும் படர்கிற ஒன்றைப் பற்றி அங்கே சட்டங்கள் உண்டு. நமது பழைய மொழிபெயர்ப்பு அதையும் குஷ்டம் என்றே சொல்லுகிறது. சுவரில் வருவது தொழுநோயாக இருக்க முடியாது, அது பூசணமாக இருக்கலாம் என்று வேத பண்டிதர்கள் பலர் கருதுகிறார்கள். அந்த ஒரு சொல்லால் தொழுநோயாளிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. மார்பில் தேமல் வந்தவர்கள்கூட "இது பெருவியாதியோ" என்று இன்றும் பயந்து என்னிடம் வருகிறார்கள். தேமலும் ஒரு காளானால் வருவதுதான், எளிதில் குணமாகும். அந்த அதிகாரங்களில் ஆசாரியன் மருந்து ஒன்றும் பூசுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பார்க்கிறான், ஏழு நாள் அடைத்து வைக்கிறான், திரும்பவும் வந்து பார்க்கிறான்.

தோலில் நடக்கும் இந்தத் தவறு கண்ணில் நடந்தால் இழப்பு மிகப் பெரியது.

கதிர் அடிக்கும்போது நெல்மணி தெறிக்கிறது. கரும்புச் சோகை கீறுகிறது. வைக்கோல் தூசு விழுகிறது. கருவிழியில் மயிரிழை அளவு கீறல். பயிரிலும் மண்ணிலும் உள்ள ஃபுசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் காளான்களுக்கு அந்தக் கீறல் போதும். கருவிழியிலும் இரத்தக் குழாய்கள் இல்லை என்பதால் காவலர் அங்கே தாமதமாகவே வந்து சேருவர். 1994-இல் மதுரையில் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி இன்னதென்று கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காளான். மேலை நாட்டுப் பாடப் புத்தகங்களில் அபூர்வ வியாதியாக எழுதப்பட்டிருப்பது நமது நெல் வயல்களில் தினக்கூலியோடு சேர்ந்து வருகிறது.

பெண்கள் வார்டில் ஒரு கூலித் தொழிலாளி அம்மாளை நான் சந்தித்தேன். நெல் தெறித்த அன்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் தாய்ப்பால் வாங்கி விட்டிருக்கிறாள். மூன்றாம் நாள் விளக்கெண்ணெய். ஐந்தாம் நாள் மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து. "அது நல்ல மருந்து ஐயா, விட்டவுடனே உறுத்தல் நின்றது, சிவப்பும் வாங்கிவிட்டது. நானும் இரண்டு நாள் வேலைக்குப் போனேன்" என்றாள். பன்னிரண்டாம் நாள் கருவிழி வெள்ளையாகிப் பார்வை போன பிறகு மகன் கூட்டிக்கொண்டு வந்தான். முந்தானையில் முடிந்து வைத்திருந்த அந்தச் சிறு புட்டியை அவிழ்த்துக் காட்டினாள். டெக்சாமெத்தசோன் கலந்த சொட்டு. சரியான மருந்தை மணிக்கு ஒரு முறை விட்டார்கள். நாலு வாரம் இருந்தாள். புண் ஆறியது. வெளிச்சம் தெரிகிறது, முகம் தெரிவதில்லை. இந்தக் கண்ணால் இனி நடவுக்குப் போனால் கூலி முழுசாகக் கொடுப்பார்களா என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டாள். என்னிடம் அதற்குப் பதில் இல்லை. இப்படிப்பட்ட கேள்வியின் முன்னே ஜெபமும் சற்று நேரம் மௌனமாகத்தான் இருக்கிறது.

முதல் நாளிலேயே வந்திருந்தால் அந்தக் கண்ணைக் காப்பாற்ற வழி இருந்தது. நாட்டாமைசின் என்ற சொட்டு மருந்து பல ஆண்டுகளாக உண்டு. அதற்கும் வோரிகோனசோல் என்ற புதிய மருந்துக்கும் இடையே எது நல்லது என்று அறிய, நமது அரவிந்த் கண் மருத்துவமனைகளும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ப்ராக்டர் நிலையமும் சேர்ந்து 323 நோயாளிகளிடம் ஆய்வு செய்தன. 2013-இல் வந்த முடிவு: பழைய மருந்தே மேல், அதிலும் ஃபுசேரியம் காளானுக்கு மிகவும் மேல். 2017-இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டாமைசினை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. உலகத்திற்கே வழிகாட்டிய இந்த ஆய்வு நமது வயல்வெளி ஜனங்களின் கண்களைக் கொண்டு நடந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

2021-இல் நாடே பார்த்ததும் இதே கதையின் பெரிய உருவம்தான். கொரோனாவில் மூச்சுத்திணறி ஆக்சிஜன் தேவைப்படுகிறவர்களுக்கு, டெக்சாமெத்தசோன் குறைந்த அளவில் சில நாட்கள் கொடுத்தால் உயிர் பிழைப்போர் அதிகம் என்று 2020-இல் இங்கிலாந்தில் நிரூபித்தார்கள். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயனில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. பின்பகுதி ஜனங்களை எட்டவில்லை. யாருக்கோ எழுதிய மருந்துச் சீட்டு செல்போனில் ஊர் ஊராகச் சுற்றியது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை ஏறிய இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சோர்ந்துபோகும். மண்ணிலும் மக்கிய இலைகளிலும் இருக்கிற மியூக்கர் இனக் காளான் மூக்கு வழியாகக் கண்ணுக்கும் மூளைக்கும் ஏறியது. அது இரத்தக் குழாய்களை அடைப்பதால் சதை செத்துக் கறுக்கிறது. கறுப்பு அந்தச் சதையின் நிறமே தவிரக் காளானின் நிறமல்ல. "கருப்புப் பூஞ்சை" என்ற பெயரைக் கேட்டே உறவினர் அருகில் வர அஞ்சினார்கள். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு அது ஒட்டுவதில்லை. அந்த ஆண்டு மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. ஜூலை நடுவில் நாட்டில் 45,000-க்கு மேற்பட்டோருக்கு வந்து, 4,300-க்கு மேற்பட்டோர் மரித்திருந்தனர். ஆம்ஃபோடெரிசின் ஊசி மருந்துக்காக ஜனங்கள் ஊர் ஊராக அலைந்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

காளானுக்கு மருந்துகள் இவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பாக்டீரியா நம்மிலிருந்து வெகுதூரம் விலகிய ஜீவி. காளானின் செல் அமைப்போ நமது செல்லுக்கு நெருங்கிய உறவு. அதைக் கொல்லும் விஷம் நம்மையும் கொல்லப் பார்க்கும். முதலில் கிடைத்த நல்ல மருந்துகளில் ஒன்று நிஸ்டாட்டின். நியூயார்க் மாநில சுகாதாரத் துறையில் வேலை செய்த எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரௌன் என்னும் இரண்டு பெண்கள் வேறு வேறு ஊர்களில் இருந்துகொண்டு, மண் மாதிரிகளைத் தபாலில் அனுப்பி அனுப்பி ஆராய்ந்தார்கள். வர்ஜீனியாவில் நண்பர் ஒருவரின் பால் பண்ணை மண்ணில் அது அகப்பட்டது, 1950-இல் அறிவித்தார்கள். மாநிலத்தின் பெயரையே மருந்துக்கு வைத்தார்கள். உரிமைத் தொகையாக வந்த 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேற்பட்ட பணத்தில் தங்களுக்கென்று ஒன்றும் எடுக்காமல் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள். 1966-இல் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது, பூசணம் பிடித்த பழைய ஓவியங்களைக் காப்பாற்றவும் அந்த மருந்து உதவிற்று. 2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் மனிதருக்கு ஆபத்தான 19 காளான்களின் பட்டியலை முதன்முதலாக வெளியிட்டு, இவற்றுக்கு இன்னும் மருந்துகளும் பரிசோதனைகளும் வேண்டும் என்று கேட்டது.

இந்த இதழைப் படிக்கிற உங்களில் பலர் சபைகளிலும் பள்ளிகளிலும் பொறுப்பில் இருக்கிறீர்கள். அறுவடை ஆரம்பிக்கிற வாரத்தில் ஒரு அறிவிப்பு செய்யுங்கள்: கண்ணில் நெல்லோ சோகையோ பட்டால் சுத்தமான தண்ணீரால் கழுவவும்; தாய்ப்பால், எண்ணெய், கடைச் சொட்டு எதையும் விடாமல் மறுநாளுக்குள் கண் மருத்துவரிடம் போகவும். தோலில் அரிப்பு என்றால் களிம்பு பூசுமுன் வரவும். ஏற்கெனவே பூசியிருந்தால் ட்யூபைத் தூக்கி எறியாமல் கையோடு கொண்டு வரவும். அதைப் பார்த்தால்தான் என்ன நடந்தது என்று மருத்துவருக்குப் புரியும், யாரும் திட்டமாட்டார்கள். களிம்பை நிறுத்திய முதல் சில நாட்கள் அரிப்பு அதிகமாகும் என்பதையும் முன்னமே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அன்று இரவே கடைக்கு ஓடுவார்கள். ஆஸ்துமாவுக்கோ தொழுநோய்க்கோ வேறு எதற்கோ மருத்துவர் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் இதைப் படித்துவிட்டு எவரும் தாமாக நிறுத்த வேண்டாம். திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, அவர் சொல்லுகிற படியே குறைக்கட்டும்.